கல்லூரிச் செலவும் சங்கத்துக் கூலியும்

நம் அங்கத்தினர் இல்லங்களில் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயில்வது இன்று புதுமையன்று. இடர்ப்பாடு தோன்றுவது அதற்கப்பால்தான். மே மாதத்தில் தேர்வு முடிவு வெளியாகிறது. அடுத்த ஓரிரு மாதங்களுக்குள் கல்லூரிக் கட்டணம், விடுதிக்கு முன்பணம், புத்தகம், துணிமணி, பிரயாணம் என்று பெருந்தொகை ஒன்று ஒரே சமயத்தில் வேண்டியதாகிறது. அப்பொழுது கேட்டவுடன் எண்ணிக் கொடுப்பவர் பெரும்பாலும் ஊரிலுள்ள ஜவுளி முதலாளியே.

அம்முன்பணத்திற்கு வட்டியில்லை என்பார்கள். ஆயினும் அது தீருமட்டும் தறியில் அவருடைய பாவே ஏற வேண்டும். அவர் வைத்ததே கூலி. சங்கத்தில் நெய்யாதவருக்குச் சங்கத்துப் போனஸ் கிடையாது. கூலியில் ஒரு பகுதியைப் பிடித்து, அரசாங்கத்தின் பங்கையும் சேர்த்து வைக்கும் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டத்திலும் அவர் கணக்கு வளராது. மகன் பட்டதாரியாகும் வேளையில் தந்தை பெயரளவில் மட்டும் அங்கத்தினராக நிற்பதை எத்தனையோ சங்கங்களின் பேரேடுகளில் காணலாம். எனவே பிள்ளையின் படிப்புக்காகச் சேமிப்பது, தறியைச் சங்கத்திலேயே வைத்துக்கொள்ளும் வழியுமாகும்.

அரசாங்க உதவி இல்லாமலில்லை. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-லும், மாணவருக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கப்பட்டன. ஆனால் இவை கல்லூரியில் சேர்ந்த பின்னர் மாதந்தோறும் வருபவை. வாசற்படியில் கட்ட வேண்டிய தொகைக்கு உதவா. வங்கிக் கல்விக்கடனையும் நான் குறை கூறவில்லை. அதுவும் தாள்கள் எல்லாம் சேர்ந்து மஞ்சூராகி வரச் சில வாரங்கள் செல்லும். அந்தச் சில வாரங்களில்தான் முதலாளியின் வாசலுக்குப் போக நேர்கிறது.

இதற்கு ஏற்ற வழி தபால் நிலையத்தின் ஐந்தாண்டுத் தொடர் வைப்பு. மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம். பிள்ளை ஏழாம் வகுப்பை முடிக்கும் ஏப்ரல் மாதத்தில் கணக்கைத் தொடங்கினால், பன்னிரண்டாம் வகுப்பு முடியும் ஏப்ரலில் முதிர்ந்து கைக்கு வரும். மாதம் 500 ரூபாய் வீதம் கட்டும் தொகை 30,000 ரூபாய்; 6.7 சதவீத வட்டியில் திரும்புவது ஏறத்தாழ 35,680 ரூபாய். நான்காண்டுப் படிப்புக்கு இது போதாதுதான். சேர்க்கைக் காலத்தைக் கடக்கப் பெரிதும் கைகொடுக்கும்.

நெசவாளியின் வருமானம் மாதக் கணக்கில் ஓடுவதில்லை என்பதை இத்திட்டங்களை வகுத்தோர் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சியிட முடியாது, குழித்தறியில் ஈரம் ஊறும், கூலி சுருங்கும். தொடர்ந்து நான்கு தவணைகளுக்கு மேல் தவறினால் கணக்கு நின்றுவிடும். ஆதலால் மாசி, பங்குனியில் கட்டக் கூடியதைப் பார்த்துத் தொகையை நிர்ணயிக்கலாகாது. மழைக்காலத்திலும் கட்டக் கூடியதே சரியான தொகை. நல்ல மாதங்களில் வரும் தவணைகளை முன்கூட்டியே கட்டிவிடலாம். ஆறு மாதத் தவணையைச் சேர்த்துக் கட்டுவோருக்குச் சிறு தள்ளுபடியும் உண்டு. வீட்டில் ஒரு பாவு அறுத்துக் கூலி வாங்கும்போதெல்லாம் இவ்வளவு என்று எடுத்து வைத்தால் கணக்கு எளிது.

விவசாய அங்கத்தினர் நிலை வேறு. கரும்போ மஞ்சளோ பணமாவது ஆண்டுக்கு ஒரு முறை. அவர்கள் மாதத் தவணையை நாட வேண்டுவதில்லை. விற்ற பணம் வந்தவுடன் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் ஒரு பகுதியை நிரந்தர வைப்பாகப் போடுதல் தகும்.

பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தை இருப்பின் செல்வமகள் சேமிப்புக் கணக்கு மேலானது. ஆண்டுக்கு 250 ரூபாய் கட்டினாலே கணக்கு உயிரோடிருக்கும். பலர் கவனியாத விதி ஒன்று அதில் உண்டு: பெண்ணுக்கு 18 வயதான பின், அல்லது பத்தாம் வகுப்புத் தேறிய பின், உயர்கல்விக்கென எடுக்கக் கூடியது முந்தைய நிதியாண்டு இறுதியில் இருந்த இருப்பில் பாதி வரையே. முழுத்தொகையும் கிடைக்குமென்று எண்ணியிருந்து சேர்க்கைச் சமயத்தில் திகைப்போர் உளர்.

கூலியிலிருந்தே பிடித்துக் கட்டும் ஏற்பாட்டைச் சங்கம் தானாகச் செய்ய இயலாது. அங்கத்தினர் எழுத்து மூலம் சம்மதம் அளிக்க வேண்டும்; நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து ஒரே விண்ணப்பமாகக் காரியதரிசியிடம் கொடுத்தால் அடுத்த கூட்டத்திலேயே அது பொருளாக வைக்கப்படலாம். பிடித்த தொகை கட்டப்பட்டதற்கான பதிவைப் பாஸ் புத்தகத்தில் மூன்று மாதத்திற்கு ஒரு முறையேனும் பார்த்துக்கொள்ளுங்கள். இயலுமிடத்தில் கணக்குத் தாயின் பெயரில் இருக்கட்டும். வாரிசு நியமனத்தைக் கணக்குத் தொடங்கும் அன்றே எழுதிவிடுக.