பூண்டியில் ஒரு கல்

பூண்டி ஏரியைப் பார்க்கப் போகிறவர்கள் அங்குள்ள தொல்பழங்கால அகழ்வைப்பகத்துக்குள்ளும் எட்டிப் பார்ப்பதுண்டு. "கல்லைத்தானே வெச்சிருக்காங்க" என்று ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார்கள். நீங்களும் அதையேதான் கேட்கிறீர்கள். டீயை மெதுவாகக் குடியுங்கள், சொல்கிறேன்.

ஆற்றில் உருண்டு வந்த கூழாங்கல் சுற்றிலும் வழவழவென்று இருக்கும். அகழ்வைப்பகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கைக்கோடரியைப் பாருங்கள். குவார்ட்சைட் என்ற கெட்டியான கல். அதன் இரண்டு முகத்திலும் சில்லுச் சில்லாகப் பெயர்த்த தழும்புகள் தெரியும். ஒவ்வொரு தழும்பும் விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கி ஓடும். இரு பக்கத் தழும்புகளும் சந்திக்கிற இடம்தான் கூர். தானாக உடைந்த கல்லில் ஒன்றிரண்டு சில்லு பெயர்ந்திருக்கலாம். இப்படிச் சுற்றிச் சுற்றி, பாதாம் பருப்பின் வடிவம் வரும்வரை பெயராது. அடுத்த அடி எங்கே விழ வேண்டும் என்று தெரிந்த ஒரு கை அதற்கு வேண்டும்.

அந்தக் கை எவ்வளவு பழையது? 1863 மே மாதம் பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியாவின் முதல் பழங்கற்காலக் கருவியை எடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் பூண்டிக்கு அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் இன்னும் பல கருவிகளைக் கண்டார்கள். வயது மட்டும் நெடுங்காலம் பிடிபடவில்லை. கல்லைச் செதுக்கிய நாள் கல்லில் எழுதியிருக்காது அல்லவா?

தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு அத்திரம்பாக்கத்தில் அடுக்கடுக்காகத் தோண்டியது. கல் வெளியில் கிடக்கும்போது விண்வெளிக் கதிர்கள் பட்டு அதற்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு அணுவகைகள் உருவாகும். மண் ஆழமாக மூடிவிட்டால் வரவு நின்றுபோகும், செலவு மட்டும் நடக்கும். அலுமினியம் வேகமாகக் கரையும், பெரிலியம் மெதுவாகக் கரையும். மிச்சம் இருக்கும் இரண்டையும் ஒப்பிட்டால், கல் மண்ணுக்குள் போய் எத்தனை காலம் என்று கணக்கிடலாம். 2011-இல் வெளிவந்த விடை: ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள். நம்மைப் போன்ற மனித இனம் தோன்றுவதற்கு வெகு முன்பு!

இந்தக் கணக்குக்கு ஒரு முக்கிய நிபந்தனை, கல் புதைந்த இடத்திலேயே இருந்திருக்க வேண்டும். வீட்டு அலமாரிக்குப் போன கல்லுக்கு அழகு உண்டு, வயது கிடையாது. இப்படியொரு காட்சிக்கூடம் பூண்டி போன்ற கொற்றலை ஆற்றங்கரைக் கிராமத்திலேயே இருக்க வேண்டும் என்று நான் சொல்வதும் இதனால்தான். உள்ளே பார்த்த கல்லை, அது கிடந்த நிலத்தோடு சேர்த்துப் பார்க்கலாம்.

அடுத்த முறை போனால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பக்கத்து ஓடைகளில் அப்படியொரு கல் கண்ணில் பட்டால் படம் எடுத்துக்கொண்டு, தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். கல்லை எடுக்காதீர்கள்.