பொரித்த எண்ணெய் விமானம் ஏறும் காலம்

சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோவிலுக்குப் போகும் நாள்களில் சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் உணவங்காடி நிலையத்தில் சாப்பிடுவது என் வழக்கம். அங்குள்ள கடைக்காரர்கள் பொரித்து முடித்த எண்ணெயைக் கொட்டாமல் டின்களில் சேர்த்து வைப்பார்கள். அதைக் காசு கொடுத்து வாங்கிச் செல்ல ஆள் வருகிறது.

இப்படிச் சேரும் எண்ணெய்க்கு வாங்குபவர் நம் ஊரிலேயே இருக்கிறார். துவாசில் 2010ல் தொடங்கப்பட்ட நெஸ்டே ஆலை 2023ல் விரிவாக்கப்பட்டது. அதன் உற்பத்தித் திறன் ஆண்டுக்கு 2.6 மில்லியன் டன். அதில் ஒரு மில்லியன் டன் வரை விமான எரிபொருளாக இருக்கலாம். பழைய சமையல் எண்ணெயும் விலங்குக் கொழுப்பும் முக்கிய மூலப்பொருள்கள்.

ஆனால், மக்கள் பொரித்துச் சாப்பிடும் அளவுக்குத்தான் பழைய எண்ணெய் கிடைக்கும். உலகத்தின் தேவைக்கு அது போதாது. மீதி வயலிலிருந்தும் தோட்டத்திலிருந்தும்தான் வரவேண்டும்.

உலகின் பாமாயிலில் பாதிக்கு மேல் உற்பத்தி செய்யும் இந்தோனீசியாவைப் பாருங்கள். டீசலில் 2020ல் 30 விழுக்காடாக இருந்த பாமாயில் எரிபொருள் கலப்பு, 2023ல் 35 ஆகி, 2025ல் 40 விழுக்காடாக உயர்ந்தது. வாகனத்துக்குப் போகும் எண்ணெய் வாணலிக்கு வராது. 2022ல் உக்ரேன் போரால் சூரியகாந்தி எண்ணெயும் தட்டுப்பட்டபோது, உள்ளூர் விலையைக் கட்டுப்படுத்த அந்நாடு ஏப்ரல் 28 முதல் மே 23 வரை பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது.

ஜூன் 1ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. நம் கோழி இறைச்சியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. சிக்கன் ரைஸ் கடைக்காரர்கள் திண்டாடினார்கள். தீவன விலையேற்றம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். கோழித் தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளம். அமெரிக்காவில் விளையும் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனாலுக்குப் போகிறது. எத்தனால் எடுத்தபின் எஞ்சும் சக்கை தீவனமாகத் திரும்புவது உண்மைதான். போர், நோய், வானிலை ஆகியவையும் விலையை ஏற்றின. எல்லாப் பழியையும் எரிபொருள்மீது போடமுடியாது.

இந்தியாவிலும் இதே இழுபறிதான். 2023 டிசம்பரில் கரும்புச்சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பது கட்டுப்படுத்தப்பட்டதும் ஆலைகள் மக்காச்சோளத்தை நாடின. விளைவித்தவருக்கு நல்ல விலை கிடைத்தது. நாமக்கல் முட்டைப் பண்ணையாளருக்கோ தீவனச் செலவு கூடியது. மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துவந்த நாடு 2024ல் இறக்குமதியை நம்பவேண்டி வந்தது.

சிங்கப்பூரிலிருந்து புறப்படும் விமானங்களில் பசுமை எரிபொருளின் பங்கை 2026ல் 1 விழுக்காடாகவும் 2030க்குள் 3 முதல் 5 விழுக்காடாகவும் உயர்த்தும் இலக்கு 2024ல் அறிவிக்கப்பட்டது. அதற்கான செலவில் பயணிகளாகிய நமக்கும் பங்குண்டு. எனவே அந்த எரிபொருள் எதிலிருந்து வந்தது என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. கடையில் மீந்த எண்ணெய் என்றால் மகிழ்ச்சி. சமையலுக்கும் தீவனத்துக்கும் போகவேண்டிய விளைச்சல் என்றால், உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் நம் ஊர் அதன் விலையைச் சாப்பாட்டு மேசையில் கொடுக்க நேரிடும்.