ஆம்ப்ளிஃபயர் இரைச்சல்: எர்த் பின்னை முறிக்காமல் தீர்க்கும் வழி

கொடைக்கானல் பண்பலையை 100.5-இல் பிடித்து, ஆம்ப்ளிஃபயர் வழியே பெரிய ஸ்பீக்கரில் இரவுப் பாட்டு கேட்கும் பழக்கம் ஆயக்குடிப் பக்கம் பலருக்கு உண்டு. ஒரு பாட்டு முடிந்து அறிவிப்பாளர் பேசத் தொடங்கும் அந்த இடைவெளியில்தான் செட்டின் குறை வெளியே தெரியும். ‘ம்ம்ம்’ என்று ஓர் அடிக்குரல் ஸ்பீக்கரில் நின்றுகொண்டே இருக்கும். மெக்கானிக்குகள் இதை ஹம்மிங் என்பார்கள். வீட்டில் ‘செட்டு கொர்ருங்குது’ என்பார்கள். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே சத்தமே வராது, திரும்ப வீட்டுக்கு வந்தால் மறுபடி கொர். காரணம் பெரும்பாலும் செட்டுக்குள் இல்லை. செட்டும் மற்ற கருவிகளும் வீட்டு வயரிங்கும் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் இருக்கிறது.

முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். செட்டுக்குள் டயோடுகள் அதை ஒரே திசைக்குத் திருப்பும்போது 100 ஹெர்ட்ஸ் அலை பிறக்கிறது. 50 என்றால் ஆழமான, மெத்தென்ற உறுமல். 100 என்றால் இன்னும் சற்றுக் கரகரப்பு. இசை கேட்பவர்களை இது ஏன் இவ்வளவு படுத்துகிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஐந்து கட்டைச் சுருதி 98 ஹெர்ட்ஸ். பாடகியர் பலருக்கு அதன் மேல்ஸ்தாயிதான் ஆதார ஷட்ஜம். ஒரு கட்டையில் பாடும் ஆண்குரலுக்கு அதுவே பஞ்சமம். அதற்குக் கொஞ்சம் மேலே நிற்கும் 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் தம்புராவோடு ஒட்டாமல் உரசிக்கொண்டே இருக்கும். அளவில் சிறியதாக இருந்தாலும் கச்சேரி ஒலிப்பதிவைக் கேட்கவிடாது.

‘ஜ்ஜ்ஜ்’ என்று கூர்மையாக எரிச்சலூட்டும் சத்தம் என்றால் அது வேறு வகை. மின்விசிறி ரெகுலேட்டர், மலிவான எல்இடி விளக்கு, செல்போன் சார்ஜர் என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எதை அணைத்ததும் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. அதை வேறு பிளக்குக்கு மாற்றினாலோ, தரமான ஒன்றை வாங்கிப் போட்டாலோ தீர்ந்தது.

ஹம்மிங் என்று உறுதியானால் அடுத்த வேலை வால்யூம் குமிழைத் திருப்புவது. குமிழைக் கூட்டும்போது இரைச்சலும் கூடினால், அது வால்யூமுக்கு முன்னால், அதாவது உள்ளே வரும் சிக்னல் பக்கம் நுழைகிறது. பூஜ்யத்தில் வைத்தாலும் அதே அளவில் நின்றால், வால்யூமுக்குப் பின்னால், பெரும்பாலும் பவர் சப்ளையில் கோளாறு. இந்த ஒரு சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம், பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

இப்போது பின்பக்கம் வாருங்கள். செட்டை அணைத்து, உள்ளே வரும் ஆர்சிஏ கேபிள்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, செட்டை மட்டும் மறுபடி போடுங்கள். வெறும் சாக்கெட் காற்றிலிருக்கும் மின்புலத்தைக் கொஞ்சம் இழுக்கும் என்பதால், பழைய ஆர்சிஏ பின் ஒன்றில் நடு ஊசியையும் வெளி வளையத்தையும் சிறு கம்பியால் பற்றவைத்து, அதைச் செருகிக் கேளுங்கள். செட் அமைதியாகிவிட்டால் அதன் மேல் பழி இல்லை. இனி ட்யூனர், டிவிடி பிளேயர், டிவி, லேப்டாப் என்று ஒவ்வொன்றாக மாட்டுங்கள். ஒவ்வொரு முறையும் வால்யூமை இறக்கிவிட்டே மாட்டுங்கள், இல்லையென்றால் ‘டொக்’ என்ற ஓர் அடியில் ஸ்பீக்கர் போய்விடும்.

பெரும்பாலும் டிவியையோ செட்டாப் பாக்ஸையோ மாட்டும்போதுதான் கொர் திரும்ப வரும். உடனே கேபிள்காரர் கொடுத்த கோ-ஆக்ஸ் வயரை பாக்ஸிலிருந்து கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் கையும் களவுமாகப் பிடித்துவிட்டீர்கள். அந்த வயரின் வெளிக்கூடு தெருவில் வேறெங்கோ மண்ணைத் தொடுகிறது. உங்கள் ஆம்ப்ளிஃபயரோ வீட்டு எர்த்தைத் தொடுகிறது. இரண்டு எர்த்துக்கும் நடுவே சிறு வோல்டேஜ் வித்தியாசம் எப்போதும் இருக்கும். அந்த வித்தியாசத்தால் ஓடும் மின்சாரம் உங்கள் ஆர்சிஏ கேபிளின் ஷீல்டு வழியாகப் பாய்கிறது. ஷீல்டின் தடை 0.1 ஓம், ஓடுவது 10 மில்லி ஆம்பியர் என்றால் 1 மில்லி வோல்ட் பிறக்கும். கேபிளில் வரும் பாட்டே மூன்றில் ஒரு பங்கு வோல்ட் அளவுதான். அதன்மேல் இந்த 1 மில்லி வோல்ட் உட்கார்ந்தால், இரவு நேர அமைதியில் தெளிவாகக் காதில் விழும். கிரவுண்ட் லூப் என்பது இதுதான். மூன்று பின் சார்ஜரோடு இருக்கும் லேப்டாப்பும் இதே வேலையைச் செய்யும். சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓடவிட்டால் உடனே தெரிந்துவிடும்.

தீர்வை எளியதிலிருந்து தொடங்குங்கள். ஆம்ப்ளிஃபயர், ட்யூனர், டிவி, செட்டாப் பாக்ஸ் எல்லாவற்றையும் ஒரே சுவர் சாக்கெட்டிலிருந்து வரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டுங்கள். எர்த் ஒரே இடத்தில் சேர்ந்தால் வித்தியாசமும் சுருங்கும். ஆர்சிஏ கேபிளைத் தேவையான நீளத்துக்கு மேல் வைக்காதீர்கள். மெயின் வயரோடு சேர்த்துச் சுருட்டிக் கட்டாதீர்கள். இரண்டும் சந்தித்தே ஆக வேண்டுமென்றால் குறுக்காகக் கடக்கட்டும். டிவியில் ஆப்டிகல் அவுட் இருந்தால், ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் ஒரு சிறு டிஜிட்டல்-அனலாக் கன்வெர்ட்டரை வைத்து ஒளிக்கம்பி வழியே இணையுங்கள். ஒளிக்கம்பியில் மின்சாரம் பாய வழியே இல்லை. ஆப்டிகல் இல்லாத இடத்தில் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரும், கோ-ஆக்ஸ் வயருக்கான ஐசொலேட்டரும் கடைகளில் கிடைக்கின்றன. மலிவான ஆடியோ ஐசொலேட்டர் பாஸைக் கொஞ்சம் தின்னும். அதனால் அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்வதே என் கருத்து.

நம் பக்கம் வீடுகளில் இன்னொரு சங்கடம் உண்டு. மூன்று துளை சாக்கெட் இருக்கும், மேல் துளைக்கு வயரே போயிருக்காது. சில இடங்களில் அதைவிட மோசம், நியூட்ரலையே எர்த் துளையில் முறுக்கி வைத்திருப்பார்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய 230 வோல்ட், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே சில வோல்ட்டுக்குள் காட்டினால் சரி. வீட்டில் எவ்வளவு லோடு ஓடினாலும் பின்னதில் துல்லியமாகப் பூஜ்யமே காட்டினால் சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும். கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கிய எர்த் குழி, சித்திரை வெயிலில் செம்மண் காயும்போது வலுவிழக்கும். கோடையில் அவ்வப்போது அதில் தண்ணீர் ஊற்றுங்கள்.

கேபிள் எல்லாம் கழற்றியும் இரைச்சல் நிற்கவில்லை, வால்யூமுக்கும் அசையவில்லை என்றால் பெட்டியைத் திறக்க வேண்டியதுதான். பிளக்கைப் பிடுங்கி, ஃபில்டர் கண்டென்சர்களை 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியே வடித்துவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது ஆபத்து. தலை உப்பிய கண்டென்சரைப் பார்த்தாலே தெரியும், உப்பாமலேயே உள்ளே காய்ந்துபோனதும் உண்டு. 4700 மைக்ரோ ஃபாரட் இருந்த இடத்தில் அதே மதிப்பு, அதே வோல்ட் அல்லது மேலானதைப் போடுங்கள். முனை மாறினால் வெடிக்கும்.

போர்டு வாங்கிக் கட்டிய அசெம்பிள் செட் என்றால் கிரவுண்டு வயர்களைப் பின்தொடருங்கள். சப்ளை, இன்புட், ஸ்பீக்கர் ஆகிய மூன்றின் கிரவுண்டும் கண்டென்சர்களின் நடுமுனைக்குத் தனித்தனி வயரில் வர வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொங்கவிட்டால் ஹம்மிங் நிச்சயம். யூஎஸ்பி, புளூடூத் போர்டு சேர்த்த செட்டில் ‘கீங்’ சத்தம் வந்தால், அந்தப் போர்டுக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மரோ ஐசொலேட்டட் 5 வோல்ட் கன்வெர்ட்டரோ கொடுங்கள்.

எர்த் பின்னை முறித்துவிட்டால் சத்தம் நின்றுவிடும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நிற்பது உண்மைதான். ஆனால் டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு கசிவு ஏற்பட்ட அன்று, இரும்புப் பெட்டி முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும். செட்டைத் தொடுபவர் உங்கள் வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம். ஏற்கெனவே முறித்திருந்தால், இன்றே புது மூன்று பின் பிளக் வாங்கி மாற்றிவிடுங்கள்.