வங்காளச் சணல் சாக்கில் உருவான வட அமெரிக்கக் கம்பளம்: அருங்காட்சியகங்களில் நேரடிச் செய்முறை

கனடாவின் கிழக்கு மாகாணங்களிலும் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் ‘வாழும் வரலாறு’ அருங்காட்சியகங்கள் பல உள்ளன. நோவா ஸ்கோஷியாவின் ஷெர்புரூக் கிராமம், நியூ பிரன்ஸ்விக்கின் கிங்ஸ் லேண்டிங் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. பழைய வீடுகளில், அக்கால உடையணிந்த பணியாளர்கள் அன்றைய தொழில்களைச் செய்து காட்டுவது இவற்றின் சிறப்பு. இத்தகைய இடங்களில் காட்டப்படும் கைவினைகளுள் ஒன்று கொக்கிக் கம்பளம். அதன் அடித்துணி இந்தியருக்குப் புதிதன்று. அது சணல் சாக்கு.

எவ்வாறு செய்யப்படுகிறது?

பிரித்த சாக்கு மரச்சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டப்படுகிறது. அதன்மேல் பூ, படகு, வீட்டு விலங்கு என ஏதேனும் ஓர் உருவம் கரித்துண்டால் வரையப்படுகிறது. பழைய கம்பளி உடைகள் நீண்ட கீற்றுகளாக வெட்டப்படுகின்றன. ஒரு கை கீற்றைத் துணிக்கு அடியில் பிடித்திருக்க, மறு கை கொக்கியை மேலிருந்து இழைகளின் இடைவெளிக்குள் செலுத்தி, கீற்றைச் சிறு வளையமாக மேலே இழுக்கிறது. அடுத்த இடைவெளியில் அடுத்த வளையம்.

இதற்குத் தறி தேவையில்லை. காஷ்மீர், பதோஹி கம்பளங்களில் போடப்படும் முடிச்சும் இதில் இல்லை. நெருங்கி நிற்கும் வளையங்களே ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன. செய்து காட்டினாலன்றி இதை நம்புவது கடினம்.

சாக்கு வந்த வழி

வங்காளத்தில் விளைந்த சணலை 1830-களிலிருந்து ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆலைகள் இயந்திரங்களில் நூற்கத் தொடங்கின. 1855-இல் கொல்கத்தாவை அடுத்த ரிஷ்ராவிலும் சணல் ஆலை தோன்றியது. தானியமும் பிற சரக்குகளும் அடைத்து வந்த சாக்குகள், காலியானதும் ஏழை வீடுகளின் தரைவிரிப்பாயின. சாக்கின் தளர்வான நெசவில் கொக்கி எளிதாக நுழைந்ததே இக்கலை பரவியதற்கு முக்கியக் காரணம்.

1860-களில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த எட்வர்ட் சாண்ட்ஸ் ஃப்ராஸ்ட் என்ற ஊர் சுற்றும் வியாபாரி, உலோக அச்சுத் தகடுகளால் சாக்கில் உருவங்களைப் பதித்து விற்றார். பின்னர் நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடோர் கடற்கரைகளில் மருத்துவர் வில்ஃப்ரெட் கிரென்ஃபெல்லின் அமைப்பு, மீனவக் குடும்பப் பெண்களுக்கு இதையே வருமானம் தரும் தொழிலாக்கியது. அங்கே நன்கொடையாக வந்த பழைய பட்டுக் காலுறைகளும் கீற்றுகளாயின.

இற்றுப்போகும் சாக்கு

கம்பளியைவிடச் சணல் விரைவில் நலிவடைகிறது. பல பத்தாண்டுகளில் இழைகள் உலர்ந்து நொறுங்குவதால், பழைய கம்பளங்களை மிதிப்பது மட்டுமன்றி மடிப்பதும் ஆபத்து. எனவே அவை கண்ணாடிக்குப் பின்னே செல்கின்றன. கைத்திறனைக் காட்டும் பின்புறம் பார்வைக்குக் கிடைப்பதில்லை. செய்முறை விளக்கத்தில் சட்டத்தைத் திருப்பிப் பார்க்கலாம், கொக்கியை வாங்கி ஒரு வளையம் இழுத்தும் பார்க்கலாம். புதிய கம்பளித் துணியைக் கொண்டே செய்து காட்டும்போது, கிழிந்த சட்டைதான் மூலப்பொருள் என்ற வறுமையின் கதை மறைந்துவிடுவது மட்டுமே குறை.

பழுது நீக்கத்திற்கும் இந்தப் பழக்கம் தேவைப்படுகிறது. சாக்கு இற்ற இடத்தில் புதிய துணியை வைத்து, பழைய கீற்றுகளை அதே உயரத்தில், அதே நெருக்கத்தில் மீண்டும் இழுத்துப் பொருத்த வேண்டும். கொக்கி பழகிய கையால்தான் அது இயலும்.