உஷார்! றங்குப் பெட்டிக்குள் கிடக்கும் ரோபோக் கார்

வீட்டில் பழைய றங்குப் பெட்டி இருக்கிறதா? எண்பதுகளில் மாமாவோ சித்தப்பாவோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த, காராகவும் ரோபோவாகவும் மாறுகிற விளையாட்டுச் சாமான் அதற்குள் கிடக்கிறதா? பேரப்பிள்ளையின் கையில் அதைக் கொடுக்க நினைத்திருந்தால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால், இப்போதே எழுந்துபோய் வாங்கிவிடுங்கள். மிச்சத்தை வந்து வாசிக்கலாம்.

போன நல்லூர்த் திருவிழாவுக்கு அக்காவின் மகள் கனடாவிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தாள். பேரனுக்கு ஒன்றரை வயது. அக்கா பெட்டியைக் கிளறி ஒரு மஞ்சள் காரை எடுத்து, "இந்தா ராசா, உன்ர மாமா விளையாடினது" என்று கொடுத்தா. உள்ளங்கை அளவுதான் இருக்கும். பிள்ளை விறாந்தையில் இருந்து அரை மணித்தியாலம் சத்தமே இல்லாமல் விளையாடியது. நான் போய்ப் பார்த்தபோது காரின் முன்பக்கம் முழுக்க வாய்க்குள். வீணீர் வடிந்துகொண்டிருந்தது. கீழுதட்டில் மஞ்சள்தூள் மணிபோல ஒரு பொட்டு. ஈரத்துணியால் வாயைத் துடைத்தேன். பிறகு காரின் மூட்டுப் பக்கத்தைத் துடைத்தேன். வெள்ளைத் துணியில் மஞ்சளும் சாம்பலும் கலந்த கோடு ஒன்று விழுந்தது. வயிறு கலங்கிவிட்டது.

அந்தக் காரைத் திருப்பிப் பார்த்தால் அடியில் 'மேட் இன் தாய்வான்' என்று மட்டும் புடைத்திருக்கும். கொம்பனிப் பெயர் கிடையாது. இந்த வகைச் சாமான்களை முதலில் பெரிதாகச் செய்தது ஜப்பான். 1980 இல் தக்காரா கொம்பனியின் டயக்லோன் வந்தது, 1982 இல் பண்டாயின் மெஷின் ரோபோ வந்தது. தக்காராவின் அச்சுகளை வாங்கி அமெரிக்க ஹாஸ்புரோ 1984 இல் 'ட்ரான்ஸ்ஃபோமர்ஸ்' என்று விற்கத் தொடங்கிய பிறகு உலகமே பைத்தியமாகிவிட்டது. அதன் பின்னால் பெயரில்லாத நகல்கள் குவிந்தன. நம்முடைய பெட்டிகளில் கிடப்பவை பெரும்பாலும் அந்த நகல்கள். என்ன பெயின்ற் அடித்தார்கள், எந்தப் பிளாஸ்ரிக்கில் வார்த்தார்கள் என்று கேட்க இன்றைக்கு ஆள் இல்லை.

இதைச் சொல்ல எனக்கு மனம் நோகிறது. 1990 இல் போரோடு பொருளாதாரத் தடை வந்தபோது யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி வருவதும் நின்றது. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் றேடியோவில் செய்தி கேட்டோம். பற்றரியில் ஓடும் பொம்மைகள் எல்லாம் மூலைக்குப் போயின. இந்தக் காருக்குப் பற்றரி வேண்டாம், விரல் போதும். பொனற்றை இழுத்தால் கால், கதவை விரித்தால் கை, கூரையைத் திருப்பினால் முகம். அக்காவின் மகன் அதோடுதான் பங்கருக்குள் இருந்தான். 1995 ஒக்ரோபர் 30 இரவு எல்லாவற்றையும் விட்டுவிட்டு இடம்பெயர்ந்து நடந்தோம். திரும்பி வந்தபோது கூரையில் பாதி இல்லை. பெட்டியும் அதற்குள் காரும் இருந்தன. அதை நஞ்சென்று சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை, எனக்கும்தான். ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சாதாரண இரும்புக் காரைவிட இது ஏன் கூடுதல் ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். உருமாறும் ஒவ்வொரு தடவையும் கதவு உடம்போடு உரசுகிறது, கால் பொனற்றுக்குள் உரசுகிறது. மூட்டுக்கு மூட்டு பெயின்ற் அரைபட்டுத் தூளாகிறது. தடைக்காலத்தில் ஆயிரம் முறை மடித்து விரித்த கார் அது. முப்பது வருசத்துத் தூள் அந்த இடுக்குகளில்தான் நிற்கிறது. பிள்ளையின் வீணீர் போய்ச் சேரும் இடமும் அந்த இடுக்குத்தான்.

எல்லாப் பழைய காரிலும் ஈயம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் பயம். பளிச்சென்ற மஞ்சளுக்கும் சிவப்புக்கும் ஈயக் குரோமேற் சேர்ப்பது அந்தக் காலத்தில் சர்வசாதாரணம். அமெரிக்கா 1978 இல் விளையாட்டுச் சாமான் பெயின்றில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு போட்டது, 2009 இல் அதைப் பத்து இலட்சத்தில் 90 பங்கு என்று இறுக்கியது. இலங்கையில் பெயின்றில் ஈயத்துக்கு வரம்பு கட்டிய ஒழுங்கு 2013 ஜனவரி 1 இல்தான் நடைமுறைக்கு வந்தது. நம்முடைய பெட்டிக்குள் கிடப்பதோ அந்த ஒழுங்குக்கு முந்தியது. பெரிய கொம்பனிகளே தவறியிருக்கின்றன. 2007 ஓகஸ்ற்றில் மற்றெல் கொம்பனி 'கார்ஸ்' படத்தின் சார்ஜ் என்ற சின்ன ஜீப் வண்டியை ஈயப் பெயின்றுக்காகக் கடைகளிலிருந்து திருப்பி எடுத்தது. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் வீடுகள், பாலர் நிலையங்கள், பழைய சாமான் கடைகளிலிருந்து 200 பிளாஸ்ரிக் விளையாட்டுச் சாமான்களைச் சேர்த்துச் சோதித்து 2018 இல் முடிவை வெளியிட்டார்கள். ஈயம், கட்மியம் போன்றவை கூடுதலாக இருந்தது சிவப்பு, மஞ்சள், கறுப்புப் பிளாஸ்ரிக்கில். அக்காவின் காரின் உடம்பு மஞ்சள், சில்லு கறுப்பு.

ஈயம் பெரியவர்களை விடச் சின்னப் பிள்ளைகளின் குடலில் நாலைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சப்படுகிறது. மூளை வளர்கிற வயதில் மூளையையே தாக்குகிறது. காய்ச்சல் வராது, வயிற்றோட்டம் வராது, பிள்ளை சிரித்துக்கொண்டே இருக்கும். ஈயமோ எலும்பில் தங்கிப் பல வருசம் கிடக்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்றே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிள்ளை பழைய சாமானைச் சப்பியது தெரிந்தால் குழந்தை வைத்தியரிடம் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னால்தான் இரத்தத்தில் ஈய அளவு பார்க்கவேண்டுமா என்று அவர் யோசிப்பார். அக்காவின் மகள் கனடா போனதும் முதல் வேலையாக அந்தச் சோதனையைச் செய்வித்தாள்.

இன்னொன்று, அந்த ரோபோக்களின் தோளில் வில்லுச் சுருள் வைத்துச் சுடும் சின்ன ஏவுகணை இருக்கும். எழுபதுகளின் கடைசியில் அமெரிக்காவில் 4 வயதுப் பையன் ஒருவன் விளையாட்டு விண்கலத்தின் ஏவுகணை தொண்டைக்குள் பாய்ந்து இறந்துபோனான். பிறகுதான் அங்கே வில்லின் வேகத்தைக் குறைத்தார்கள், துண்டைப் பெரிதாக்கினார்கள். நகல்களில் அதை யார் பார்த்தார்கள்? லைற் எரிகிற, சத்தம் போடுகிற வகையென்றால் உள்ளே பொத்தான் பற்றரி இருக்கும். அதை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் உணவுக்குழாய் வெந்துவிடலாம். நாளைக்குக் காட்டுவோம் என்று இருக்காமல் உடனே 1990 என்ற இலக்கத்தை அழைத்து அம்புலன்ஸில் போங்கள்.

சரி, காரை என்ன செய்வது? புதுசாக்குகிறேன் என்று அரத்தாளால் தேய்க்கவே தேய்க்காதீர்கள், தூள் வீடு முழுக்கப் பரவும். உலர்ந்த தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத்துணியால் நிலத்தைத் துடைத்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வேண்டாமென்றால் வளவில் குப்பையோடு கொளுத்தாதீர்கள். புகை வீட்டுக்குள் வரும், சாம்பல் கத்தரிப் பாத்திக்கும் கோழி கிளறுகிற மண்ணுக்கும் போகும். கிணற்றடியில் தாட்டும் வைக்காதீர்கள், குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். வைத்திருக்க ஆசையென்றால் மூடி இறுக்கிய போத்தலுக்குள் போட்டுக் கண்ணாடி அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள். பார்க்கலாம், தொடவேண்டாம்.

இதைச் சொல்லாமல் விட்டால் நித்திரை வராது: பெட்டியில் கிடப்பது வேறு, மண்ணில் கிடப்பது வேறு; அது போரில் மிஞ்சிய வெடிபொருளாக இருக்கலாம். விடுவிக்கப்பட்ட காணிகளைத் துப்புரவாக்கும்போது வலிகாமம் வடக்கிலோ முகமாலைப் பக்கமோ பொம்மைபோல, காரின் துண்டுபோலக் கறள் பிடித்து எது தெரிந்தாலும் குனியாதீர்கள், காலால் தட்டிப் பார்க்காதீர்கள். வந்த வழியே திரும்பி நடந்து 119 க்கு அழைத்துச் சொல்லுங்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு இது தெரியாது. வளவுக்குள் விடமுதல் சொல்லிவிடவேண்டும்.

அக்காவின் கார் இப்போது ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள், அலுமாரிக்கு மேலே. இந்த முறையும் திருவிழாவுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்கள் பலாலி விமான நிலையத்தில் இறங்குமுன் ஒருக்கால் உங்கள் றங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.