அலர்ஜி மாத்திரையின் பங்காளியே அலர்ஜி தருமா? தெரியுமா?

மனச்சிதைவு நோய்க்கு வந்த முதல் மருந்தான குளோர்ப்ரோமசின், அலர்ஜி மருந்துக்குப் பங்காளி முறை, தெரியுமா? பிரான்சின் ரோன்-பூலாங்க் கம்பெனி அலர்ஜிக்காக ப்ரோமெத்தசினைத் தயாரித்து வைத்திருந்தது. ஆபரேஷனுக்கு முன் அதைக் கொடுத்துப் பார்த்த கடற்படை டாக்டர் ஆன்றி லபோரி, நோயாளிகள் பதற்றமே இல்லாமல் கிடப்பதைக் கவனித்தார். அதே குடும்பத்தில் இன்னும் தோண்டியபோது, 1950 டிசம்பரில் பிறந்தது குளோர்ப்ரோமசின்! 1952-ல் பாரிஸ் செயின்ட் ஆன் மருத்துவமனையில் மனநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். மனநல மருத்துவமே தலைகீழானது.

மனநோய்க்கான இந்த வகை மருந்துகளே, அபூர்வமாக, உதட்டை வீங்க வைக்கும் என்றால்? பெயர் ஆஞ்சியோஎடிமா. தோலுக்கு அடியில் நீர் கோத்துக்கொள்ளும். ராத்திரி சாதாரணமாகப் படுத்தவருக்கு விடிந்தால் ஒரு பக்க உதடு தொங்கும், இமை திறக்காது. பல நேரம் அரிப்புகூட இருக்காது! நாக்கும் தொண்டையும் வீங்கினால் மூச்சே அடைக்கும். உடனே 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான். அலர்ஜியைக் கிளப்பும் ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்து எப்படி இப்படிச் செய்யும்? சில வீக்கங்களுக்குப் பிராடிகைனின் என்ற வேறொரு வேதிப்பொருள் காரணம். அதனிடம் அலர்ஜி மாத்திரையின் ஜம்பம் சாயாது!

போலியும் உண்டு. ஹாலோபெரிடால் என்ற மனநோய் ஊசிக்குப் பிறகு சிலருக்குத் தொண்டைத் தசை இழுத்துப் பிடித்து மூச்சுத் திணறும். அச்சு அசல் அலர்ஜிதான் என்று தோன்றும். ஆனால் வீக்கமே இருக்காது! வேலூர் சி.எம்.சி.யில் 300 பேரிடம் நடந்து 2007-ல் வெளியான ஆய்வில், ஹாலோபெரிடாலோடு சேர்த்துப் போட்ட ஊசி எது தெரியுமா? சாட்சாத் ப்ரோமெத்தசின்! நோயாளி அமைதியாவார், தசைப்பிடிப்பும் தள்ளிப்போகும்.

அசெனபின் என்ற மனநோய் மாத்திரை இன்னும் விசித்திரம். விழுங்கக் கூடாது, நாக்குக்கு அடியில் கரைய வேண்டும், 10 நிமிடம் தண்ணீர்கூடக் கூடாது. வாய் மரத்துப்போவது அதற்குச் சகஜம். ஆனால் நாக்கு தடித்தால் கதையே வேறு: 2011-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 52 ஒவ்வாமைச் சம்பவங்களைக் காட்டி எச்சரித்தது. சிலருக்கு முதல் மாத்திரையிலேயே!

இன்னொரு மனநோய் மருந்தான ஒலான்சபினோ நிதானப் பேர்வழி. பெரும்பாலும் சில வாரம் கழித்துத்தான், காய்ச்சல், தோல் தடிப்பு, வீங்கிய முகம் என்று 'ட்ரெஸ்' நோய் கிளம்பும், கல்லீரல்வரை பாயும். அது அபூர்வத்திலும் அபூர்வம்: 1996 முதல் உலகம் முழுக்க வந்த புகார்களை 2016-ல் எஃப்.டி.ஏ. எண்ணிப் பார்த்தபோது தேறியவை வெறும் 23!