கொழுந்து பறித்த காசு வீடு போய்ச் சேர்ந்த கதை

சம்பளம் கைக்கு வந்ததும் ஊரிலிருக்கும் தாய்க்குப் பணம் அனுப்ப வேண்டும். தபால் நிலையமோ பல மைல் தூரம். ஊருக்குப் போகிறவரிடமோ பஸ் ஓட்டுநரிடமோ கொடுத்தனுப்பினால், அது முழுதாகப் போய்ச் சேருமா? இந்தக் கவலை உங்களுக்குப் புரியும். கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா நாட்டில், கெரிச்சோ வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களுக்கும் இதே கவலைதான் இருந்தது. அவர்களில் பலர் வேறு மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

தொலைபேசி அன்று ஏழைகளுக்கு எட்டாக் கனி. 1999இல் அந்நாட்டு மக்கள் தொகை சுமார் 2 கோடியே 87 இலட்சம். கம்பித் தொலைபேசி இணைப்புகளோ ஏறக்குறைய 3 இலட்சம்தான்! 2000க்குப் பிறகு கைத்தொலைபேசி வேகமாகப் பரவியது. ஊர் ஊராகக் கம்பி இழுக்க வேண்டியதில்லை. கோபுரம் எழுந்தால் போதும், குன்றுக்கு அப்பாலுள்ள குடிசையிலும் மணி ஒலிக்கும்.

அப்போது மக்களே ஒரு வழி கண்டார்கள். பேசுவதற்காக முன்பணம் கட்டி வாங்கிய நேரத்தை உறவினருக்கு அனுப்பினார்கள். அவர் அதை விற்றுக் காசாக்கிக் கொண்டார்.

2007 மார்ச்சில் சஃபாரிகாம் நிறுவனம் 'எம்-பெசா' சேவையைத் தொடங்கியது. சுவாஹிலி மொழியில் 'பெசா' என்றால் பணம். வங்கிக் கணக்கு வேண்டாம். சாதாரணக் கைத்தொலைபேசியே போதும். முகவராக இருக்கும் கடைக்காரரிடம் ரொக்கத்தைக் கொடுத்தால், அத்தொகை உங்கள் எண்ணில் பதிவாகும். இரகசிய எண்ணை அழுத்தி ஊருக்கு அனுப்பலாம். அங்கே தாய் தம் ஊர்க் கடையில் அடையாளக் கார்டைக் காட்டிப் பணத்தைப் பெற்றுக்கொள்வார். சிறு கட்டணம் உண்டு.

2007 இறுதியில், தேர்தலுக்குப் பின் கலவரம் மூண்டது. நைரோபி நகரின் குடிசைப் பகுதிகளில் வெளியே வர முடியாமல் தவித்தவர்களுக்கு உறவினர் அனுப்பிய பணம் இந்த வழியாகவே போய்ச் சேர்ந்தது.

இதனால் வறுமை குறைந்ததா? தவ்நீத் சூரி, வில்லியம் ஜேக் என்ற இரு ஆய்வாளர்கள் 2016இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். சுமார் 1,94,000 குடும்பங்கள் இச்சேவையால் வறுமையிலிருந்து மீண்டன என்பது அவர்கள் முடிவு. பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களே அதிகப் பலன் கண்டன.

ஆனால், வெளிச்சம் வந்த வழியே பூச்சியும் வந்தது. ஏமாற்றிப் பணம் பறிக்கும் அழைப்புகள் பெருகின. கைத்தொலைபேசி வழியே நொடியில் கிடைக்கும் கடனை வாங்கி, வட்டியில் மூழ்கியவர்களும் உண்டு.

ஆகவே வாசகர்களே, கருவி எதுவானாலும் காசு உங்கள் வியர்வை. இரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். சுலபமாக வருகிறதே என்று கடனில் கால் வைக்காதீர்கள். வீட்டுக்குப் பணம் அனுப்பினால், கிடைத்ததா என்று ஒரு வார்த்தை பேசிக் கேளுங்கள். தொலைபேசி முதலில் வந்தது அதற்காகத்தானே!